இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிக்கு வெளியிலிருந்து அழைத்து நுழையும் வசதி: கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் அரிசி ஆலையோ, நகைக்கடையோ, ஆத்தங்குடிக் கல் வார்க்கும் பட்டறையோ, பழைய வீட்டைப் புதுப்பித்து நடத்தும் விடுதியோ, எதை எடுத்துக்கொண்டாலும் முதலாளி குடும்பத்தில் பாதிப்பேர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். அதனால் அலுவலகத்தின் வெளிலைன்களையும் உள் போன்களையும் இணைக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்ற இண்டர்காம் பெட்டிகளில், இங்கே, ‘டிசா’ என்னும் வசதி மற்ற ஊர்களைவிடச் சற்று அதிகமாகவே திறந்து கிடக்கிறது. வெளியிலிருந்து அலுவலக எண்ணுக்கு அழைப்பவரை, ஆபரேட்டரின் துணையில்லாமல், அலுவலகத்தின் எக்ஸ்டென்ஷன் ஒன்றில் உட்கார்ந்திருப்பவரைப் போலவே நடத்துவதுதான் டிசா. அழைப்பவர் குரல் அறிவிப்பைக் கேட்டு, ரகசிய எண்ணை அழுத்தி, உள்ளே இருக்கும் எந்த எக்ஸ்டென்ஷனையும் கூப்பிடலாம். அமைப்பு அனுமதித்தால் அலுவலகத்தின் இன்னொரு லைனைப் பிடித்து, அலுவலகச் செலவில், வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ பேசவும் செய்யலாம்.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில் சொன்ன இரண்டும், எக்ஸ்டென்ஷனைக் கூப்பிடுவதும் வெளிலைனைப் பிடிப்பதும், வெவ்வேறு அனுமதிகள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கும். நம் பக்கத்து வீடுகளில் முகப்புத் திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், வளவுக்குள் வருவதற்கு ஒரு கணக்கு உண்டு, பெட்டகச் சாவிக்கு வேறு கணக்கு உண்டு. எக்ஸ்டென்ஷனைத் தொடும் உரிமை முகப்பைப் போன்றது; டிரங்க் என்னும் வெளிலைனைத் தொடும் உரிமை பெட்டகச் சாவியைப் போன்றது. நான் போய்ப் பார்த்த இடங்களில் திருட்டு நடந்த பெட்டி ஒவ்வொன்றிலும் இந்த இரண்டையும் ஒரே ரகசிய எண்ணின் கீழ் யாரோ கட்டி வைத்திருந்தார்கள்.

பில்லில் முன்பின் தெரியாத நாடுகளுக்கு, நள்ளிரவில் நீண்ட அழைப்புகள்

பில் வந்த பிறகு பார்ப்பவர்களே அதிகம். லைன் கொடுத்த நிறுவனமே சில சமயம் முன்கூட்டி எச்சரித்துக் கூப்பிடுவதும் உண்டு. எப்படித் தெரியவந்தாலும் முதல் வேலை அந்த நிறுவனத்தை அழைத்து எல்லா லைன்களிலும் ஐ.எஸ்.டி.யை அவர்கள் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்வதுதான். பெட்டியில் நாம் செய்யும் தடை தவறாக அமைந்தாலும் அவர்கள் பக்கத்துத் தடை நிற்கும். அழைப்பு இன்னமும் ஓடிக்கொண்டிருந்தால் டிரங்க் ஒயர்களைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். ஆனால் பெட்டியின் மின்சாரத்தை மட்டும் நிறுத்த வேண்டாம். சில பழைய மாடல்களில் அழைப்புப் பதிவு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய கணத்தில் சாட்சி அழிந்துவிடும்.

அடுத்து எஸ்.எம்.டி.ஆர். என்னும் அழைப்புப் பதிவைக் கணினியில் இறக்கிக்கொண்டு வரி வரியாகப் பாருங்கள். பார்க்க வேண்டியது அழைக்கப்பட்ட எண்ணை அல்ல, அழைத்தது யார் என்று காட்டும் கட்டத்தை. ஒரு விடுதியில் நான் பார்த்த பதிவு ஏறக்குறைய இப்படி இருந்தது: நேரம் 02.13, உள்வரும் லைன் 2, வெளிச்செல்லும் லைன் 6, எண் 00371 என்று தொடங்குகிறது, பேசிய நேரம் 47 நிமிடம். அடுத்த வரியில் 02.14, உள்வரும் லைன் 3, வெளிச்செல்லும் லைன் 7, அதே எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தது. கணக்குப்பிள்ளை அதற்குள் இரவுக் காவலரைச் சந்தேகித்து, அவரிடம் கேட்கவும் கேட்டுவிட்டார். காவலரின் மேசையில் இருந்த எக்ஸ்டென்ஷன் 118. பதிவில் அந்த எண் ஒரு வரியில்கூட இல்லை. எக்ஸ்டென்ஷன் கட்டத்தில் இன்னொரு லைனின் எண் நிற்கிறது என்றால், அழைத்தவர் கட்டடத்துக்குள்ளேயே இல்லை, டிசா வழியாக வந்து மறுலைனில் வெளியேறியிருக்கிறார் என்று பொருள். அந்தக் கட்டத்தில் உண்மையான எக்ஸ்டென்ஷன் எண் இருந்தால், அந்தப் போனில் கால் பார்வர்ட் போடப்பட்டிருக்கிறதா, அல்லது அது ஸிப் முறையில், அதாவது இணையம் வழியே, இணைந்த எக்ஸ்டென்ஷனா என்று பாருங்கள். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

371 லாட்வியாவின் குறியீடு. அங்கே யாரும் உட்கார்ந்து அரட்டை அடிக்கவில்லை. குறிப்பிட்ட சில எண்களுக்கு வரும் அழைப்பின் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த எண்ணைக் குத்தகைக்கு எடுத்தவருக்குப் போய்ச் சேரும். அதற்காகவே பிறர் லைன்களிலிருந்து அந்த எண்களுக்கு அழைப்புகளைக் குவிக்கிறார்கள். சோமாலியாவின் 252, கியூபாவின் 53, மாலத்தீவின் 960 ஆகியனவும் இந்த வகை மோசடியில் அடிக்கடி தென்படும் குறியீடுகள். பத்துச் சேனல் (ஒரே நேரத்தில் பத்து அழைப்பு) கொண்ட ஸிப் டிரங்க் ஒன்றில் இரவு எட்டு மணி நேரம் எல்லாச் சேனலும் ஓடினால் 4,800 நிமிடம் ஆகிறது. முப்பது சேனல் உள்ள பி.ஆர்.ஐ. என்னும் டிஜிட்டல் லைனில் அது 14,400 நிமிடம். வார விடுமுறையையும் திருவிழா நாட்களையும் அவர்கள் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நிலையான தீர்வுக்கு வருவோம். வெளிநாட்டு அழைப்பை முற்றிலும் நிறுத்திவிடு என்று மற்ற ஊர்களில் சொல்லிவிடலாம், செட்டிநாட்டில் அது நடக்காது. மலேசியாவின் 60, சிங்கப்பூரின் 65 இரண்டும் அன்றாடம் தேவைப்படும். ஆகவே 00 என்று தொடங்கும் எல்லாவற்றையும் முதலில் தடுத்து, பிறகு 0060, 0065 என்று தேவையானவற்றை மட்டும் விலக்காகச் சேர்க்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. இலங்கைக்கு 94, மியான்மருக்கு 95 தேவை என்பதற்காக, ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று 009 எனத் திறந்து வைத்திருந்த பெட்டியைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி மாலத்தீவையும் சேர்த்துத் திறந்துவிட்டது. பேச வேண்டிய எண்கள் இருபது முப்பதுதான் என்றால் இன்னும் நல்ல வழி உண்டு: எல்லா ஐ.எஸ்.டி.யையும் தடுத்துவிட்டு, அந்த எண்களை மட்டும் பெட்டியின் பொதுச் சுருக்க எண்களில் (ஸ்பீட் டயல்) சேர்த்து, சுருக்க எண்ணுக்குத் தடை பொருந்தாது என்று அமைக்கலாம். பல மாடல்களில் இந்த வசதி இருக்கிறது, பயன்படுத்துவோர்தான் குறைவு.

இன்னொரு பொறி 2021 ஜனவரி 15 முதல் உருவானது. அன்று முதல் தரைவழி போனிலிருந்து கைப்பேசிக்கு அழைக்க எண்ணுக்கு முன்னால் 0 போட வேண்டும் என்று ஆனது. அதுவரை பல பெட்டிகளில் சாதாரண எக்ஸ்டென்ஷன்களுக்கு 0 என்ற ஒரே இலக்கத்தைத் தடுத்து எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. இரண்டையும் நிறுத்தியிருந்தார்கள். கைப்பேசிக்கு அழைப்பு போகவில்லை என்று ஆட்கள் முறையிட்டதும் அவசரத்தில் அந்த 0 தடையை அப்படியே எடுத்துவிட்டார்கள். அதனுடன் 00 தடையும் போய்விட்டது. உங்கள் பெட்டியின் தடைப் பட்டியலில் 00 தனி வரியாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

வெளியிலிருந்து அழைத்தால், ரகசிய எண் கேட்காமலே டயல் டோன் கிடைக்கிறது

இதை நீங்களே சோதிக்கலாம். சோதனையைக் கடை மூடிய பிறகு செய்ய வேண்டும், ஏனென்றால் பகல் அமைப்பும் இரவு அமைப்பும் பெட்டியில் தனித்தனியாக இருக்கும். பகலில் ஒழுங்காக இருக்கும் பெட்டி இரவில் டிசாவுக்குத் தாவலாம். உங்கள் கைப்பேசியிலிருந்து அலுவலகத்தின் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக அழையுங்கள். வரவேற்புக் குரல் பேசும்போதே 9 அழுத்திப் பாருங்கள். பிறகு 0, பிறகு 81, 82 என்று உங்கள் பெட்டியில் லைன் பிடிக்கப் பயன்படும் எண்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒரு நொடி அமைதிக்குப் பின் தொலைபேசி நிலையத்தின் சீரான டயல் டோன் கேட்டால், நீங்கள் இப்போது உங்கள் அலுவலக லைனில் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கிடைப்பது ஊருக்கெல்லாம் கிடைக்கும்.

பல மாடல்களில் டிசா பாதுகாப்புக்கு மூன்று நிலைகள் உண்டு: எதற்கும் ரகசிய எண் கேட்காத நிலை, வெளிலைன் பிடிக்கும்போது மட்டும் கேட்கும் நிலை, எக்ஸ்டென்ஷனுக்கும் கேட்கும் நிலை. வாடிக்கையாளர்கள் நேரடியாக எக்ஸ்டென்ஷனுக்கு வர வேண்டிய இடத்தில் இரண்டாவது நிலையே பொருத்தம். முதல் நிலையில் எந்தப் பெட்டியும் இருக்கக் கூடாது. ரகசிய எண் கேட்கும் நிலையில் இருந்தும் டோன் கிடைத்தால், குரல் அறிவிப்பின் மெனுவில் எந்த எண்ணை அழுத்தினால் எங்கே போகும் என்ற அட்டவணையைத் திறந்து, லைன் பிடிக்கும் எண்கள் அதில் இருந்தால் நீக்குங்கள். வாய்ஸ் மெயிலிலும் இதே ஓட்டை இருக்கும்: செய்தியைக் கேட்ட பிறகு இன்னொரு எண்ணுக்கு மாற்றிவிடும் வசதி வெளி எண்களையும் ஏற்றால், டிசாவை முழுதாக மூடியும் பயனில்லை.

ரகசிய எண்ணின் நீளத்தைப் பற்றி வாய்ச்சொல்லாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆகவே கணக்குப் போட்டுக் காட்டுவதே என் வழக்கம். நான்கு இலக்க எண்ணில் மொத்தம் 10,000 சேர்க்கைகள். ஒரு முயற்சிக்கு 15 விநாடி என்று வைத்தால் ஒரே லைனில் எல்லாவற்றையும் முயல 42 மணி நேரம்கூட ஆகாது. நான்கு லைன்களில் சேர்ந்து முயன்றால் பத்தரை மணி நேரம், அதாவது சனிக்கிழமை இரவு கடை பூட்டியதிலிருந்து ஞாயிறு காலை பலகாரம் ஆகும் வரை. எட்டு இலக்கமானால் ஒரே லைனில் 47 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். ஆனால் அந்த எட்டு இலக்கம் பிறந்த தேதியாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. 1234, 0000, எண்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக வரும் 2580, கடையின் கதவு எண், முதலாளி காரின் பதிவு எண் ஆகியவற்றைத்தான் முதலில் முயல்வார்கள். வட்டாரத்தில் ஒரு கடையில் அந்தக் காரே வாசலில் நின்றிருந்தது. மூன்று தவறான முயற்சிக்குப் பின் லைனைத் துண்டிக்கும் அமைப்பையும், மாடலில் வசதி இருந்தால் சில நிமிடம் பூட்டி வைக்கும் அமைப்பையும் இயக்குங்கள். ஆளுக்கொரு எண் கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் எண்ணை மட்டும் எடுத்துவிட முடியும், பதிவில் யார் எண் பயன்பட்டது என்பதும் தெரியும்.

அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரத்தில் எல்லா லைன்களும் பிசி

இதைக் கண்டதும் திருட்டு என்று முடிவு செய்துவிட வேண்டாம். தரைவழி அனலாக் லைன்களில் இதற்கு வேறு காரணமும் உண்டு, அது திருட்டைவிட அதிகமாக நடக்கிறது. டிசா வழியாக வந்தவர் மறுலைனில் பேசி முடித்துக் கைப்பேசியை வைத்துவிடுவார். இரண்டு முனைகளிலும் ஆளில்லை, ஆனால் பேச்சு முடிந்தது என்பது பெட்டிக்குத் தெரிய வேண்டும். அனலாக் லைனில் அதை மின்முனை மாற்றத்தாலோ (லைனின் இரு கம்பிகளின் மின்முனை இடம் மாறுவது), பிசி டோனைக் கேட்டோதான் பெட்டி அறியும். இந்தியாவின் பிசி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி நிற்கும். பெட்டியிலோ அனலாக் கார்டிலோ நாடு அமெரிக்கா என்று இருந்தால் அது எதிர்பார்ப்பது வேறு ஒலி, வேறு இடைவெளி. நம் டோனை அடையாளம் காணாமல் இரண்டு லைன்களையும் பிடித்துக்கொண்டு காலை வரை நிற்கும். நாட்டு அமைப்பை இந்தியாவாக மாற்றுங்கள், பிசி டோன் கண்டறியும் வசதியை இயக்குங்கள், லைன் கொடுத்தவரிடம் மின்முனை மாற்றம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

எதுவாக இருந்தாலும் லைனுக்கும் லைனுக்கும் இடையிலான பேச்சுக்கு நேர வரம்பு வையுங்கள். பத்து நிமிடம் போதும் என்பது என் எண்ணம். முதலாளிகள் முப்பது கேட்பார்கள், பேரம் பேசிப் பதினைந்தில் நிறுத்துங்கள். பதிவில் அந்த நேரத்து வரிகள் உள்ளூர் எண்ணாகவும், அலுவலக ஆட்களின் ரகசிய எண்ணோடும் இருந்தால் இது டோன் கோளாறு. 00 என்று தொடங்கினால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

நள்ளிரவில் போன் அடிக்கிறது, எடுத்தால் பேச்சில்லை, அழைத்தவர் 100 அல்லது 1001

தங்கும் விடுதிகளில் விருந்தினர் எழுந்து வரவேற்பறையில் சண்டை போடும் அளவுக்கு இது போகும். 100 என்பதைக் காவல்துறை எண் என்று பார்த்துப் பதறுவோரும் உண்டு. காவல்துறைக்கு இதில் சம்பந்தமில்லை. இணையத்தில் எந்த முகவரியில் ஸிப் கருவி இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள், ஸிப் அழைப்புகள் வழக்கமாக வரும் வாசலான 5060 போர்ட்டைத் தட்டிப் பார்ப்பதன் விளைவு இது. தட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு போலி அழைப்பு அனுப்பப்படுகிறது. போன் அதை நம்பி அடிக்கிறது. இந்த அழைப்பு உங்கள் பெட்டியின் பதிவில் இருக்காது, ஏனென்றால் பெட்டியைத் தொடாமல் நேராகப் போனுக்கே வந்தது. பதிவில் இல்லாத அழைப்பு என்பதே நோயைக் காட்டிக் கொடுக்கும் குறி.

போனின் அமைப்புப் பக்கத்தில், பதிவு செய்துகொண்ட சர்வரிடமிருந்து மட்டுமே அழைப்பை ஏற்பது என்ற தேர்வை இயக்குங்கள், நேரடி ஐ.பி. அழைப்பை அணையுங்கள். ரௌட்டரில் 5060ஐ அந்தப் போனுக்குத் திருப்பிவிடும் போர்ட் பார்வர்டிங் இருந்தால் எடுத்துவிடுங்கள். உள்ளே நுழைந்த கையோடு போனின் சொந்தக் கடவுச்சொல் ‘அட்மின்’ என்றே கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் கிடக்கும்.

பெட்டியின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) ஆயிரக்கணக்கில் ‘தவறான கடவுச்சொல்’ என்ற வரிகள்

ஐ.பி. பெட்டிகளில், குறிப்பாக ஆஸ்டரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ் என்னும் பெட்டி மென்பொருட்களை நிறுவியவர்களுக்கு இது தினசரிக் காட்சி. வெளிநாட்டிலிருக்கும் குடும்பத்தார் தங்கள் கைப்பேசிச் செயலியிலிருந்து அலுவலக எக்ஸ்டென்ஷனாகவே பேச வேண்டும் என்று 5060ஐ உலகத்துக்கே திறந்து வைத்ததன் விளைவு. டிசாவின் புதிய வடிவம்தான் இது, ஒரு வேறுபாட்டோடு: அங்கே ஒருவர் ஒரு லைனைப் பிடித்து எண் அழுத்த வேண்டும், இங்கே நிரல் விநாடிக்குப் பலமுறை முயலும். எக்ஸ்டென்ஷன் 201, அதன் கடவுச்சொல்லும் 201 என்று இருந்தால் முதல் நிமிடத்திலேயே கதவு திறந்துவிடும்.

லாகில் தோல்வி வரிகள் மட்டும் இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அவற்றுக்கு நடுவே ஒரு வெற்றி வரி இருந்து, அதன் ஐ.பி. முகவரி உங்களுக்குத் தெரியாததாக இருந்தால் அந்த எக்ஸ்டென்ஷனை அக்கணமே முடக்கி, முதல் அறிகுறிக்குச் சொன்ன வரிசையில் செயல்படுங்கள்.

நிலையான தீர்வு வி.பி.என்., அதாவது இணையத்துக்குள்ளே போடும் தனிப் பாதுகாப்பு வழி. ஸிப் போர்ட்டை இணையத்துக்கு மூடிவிட்டு, வெளியிலிருப்பவர்கள் முதலில் வி.பி.என். வழியாக அலுவலக வலையமைப்புக்குள் வந்து, அதன் பிறகு எக்ஸ்டென்ஷனைப் பதிவு செய்துகொள்ளட்டும். அது முடியாத இடத்தில் 5061இல் டி.எல்.எஸ். என்னும் மறையாக்கம், இருபது எழுத்துக்குக் குறையாத, ஊகிக்க முடியாத கடவுச்சொல், சில தோல்விகளுக்குப் பின் முகவரியைத் தடுக்கும் ஃபெயில்டூபான், முன்பின் தெரியாதவரின் ஸிப் அழைப்பை ஏற்காத அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஸிப் டிரங்க் தரும் நிறுவனத்தின் முகவரியை விட்டு வேறெங்கிருந்தும் டிரங்க் அழைப்பு வரக் கூடாது என்று ரௌட்டரிலேயே கட்டுங்கள். 5060ஐ வேறு எண்ணுக்கு மாற்றினால் லாகில் இரைச்சல் குறையும். பாதுகாப்பு என்று அதை எண்ணிவிட வேண்டாம்.

நிர்வாக வலைப்பக்கத்தை இணையத்தில் திறந்து வைப்பது இவை எல்லாவற்றையும் வீணாக்கும். 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸின் நிர்வாகப் பக்கம் வெளியில் திறந்திருந்த பெட்டிகளில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழையும் ஓட்டை பயன்படுத்தப்பட்டது. மூடி வைத்திருந்தவர்கள் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினார்கள். போன்களுக்கு அமைப்புக் கோப்புகளைத் தானாக அனுப்பும் சர்வரையும் பாருங்கள்: போனின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை) ஊகித்துக் கேட்டாலே கோப்பு இறங்குகிறது என்றால், அதற்குள் எக்ஸ்டென்ஷன் கடவுச்சொல் அப்படியே எழுதியிருக்கும்.

யாரும் தொடாமலே அமைப்பு மாறுகிறது: புதிய கால் பார்வர்ட், மாறிய வாய்ஸ் மெயில் குரல்

பழைய பெட்டிகளில் பராமரிப்புக்காக ஒரு மோடம் ஒரு லைனில் தொங்கும். மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் சர்வீஸ் பொறியாளர் அதை அழைத்து உள்ளே வருவார். அவர் வருகிற வாசல் மற்றவர்களுக்கும் வாசல்தான். எண்களை வரிசையாக அழைத்து மோடத்தின் கீச்சொலி எங்கே கேட்கிறது என்று தேடுவது பழைய கலை. பெட்டியின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லோ, கையேட்டைப் புரட்டும் எவருக்கும் தெரியும். பொறியாளர் தேவை என்று சொன்னால் மோடத்தைச் சுவரில் செருகுங்கள், வேலை முடிந்ததும் பிடுங்குங்கள். இதைவிட மலிவான பூட்டு கிடையாது. மோடத்துக்குப் பதிலாக வரவேற்பறைக் கணினியில், தொலைவிலிருந்து அதை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலி இருந்தால், ஆள் இல்லாமலே இணைய விடும் நிலையான கடவுச்சொல்லை நீக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் வரவேற்பறையில் இருப்பவர் ஒப்புதல் கொடுத்தால் மட்டுமே இணையும்படி மாற்றுங்கள்.

மோடமும் இல்லை, செயலியும் இல்லை என்றால் எக்ஸ்டென்ஷன் ரகசிய எண்களைப் பாருங்கள். பல மாடல்களில் வெளியிலிருந்தே டிசா வழியாகத் தன் எக்ஸ்டென்ஷனின் கால் பார்வர்டை மாற்றலாம். எக்ஸ்டென்ஷன் எண்ணே ரகசிய எண்ணாகவும் இருந்தால், யாரோ ஒருவர் உங்கள் 105ஐ வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பிவிட்டு, பிறகு சாதாரணமாக அழைத்து 105ஐக் கேட்டால் போதும்; மிச்சத்தைப் பெட்டி மரியாதையாகச் செய்து முடிக்கும். கால் பார்வர்ட் வெளிலைனுக்குப் போகும் அனுமதியை, உண்மையில் தேவைப்படும் இரண்டொரு எக்ஸ்டென்ஷனைத் தவிர எல்லாவற்றிலும் எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு உரியவராலேயே நுழைய முடியவில்லை

திருட்டு நடந்த ஓர் அலுவலகத்தில் மேலே சொன்னவற்றையெல்லாம் செய்து முடித்த மறுநாள், கோலாலம்பூரிலிருந்து அந்த வீட்டு ஆச்சி என் கைப்பேசிக்கு அழைத்தார். “தம்பி, பூட்டி வைக்கச் சொன்னேன், சரி. என்னையும் சேர்த்தா வெளியே வச்சுப் பூட்டச் சொன்னேன்?” என்றார். “ஆச்சி, எண்ணை அழுத்தும்போது என்ன கேட்குது?” என்றேன். எட்டு இலக்கத்தையும் சரியாகத்தான் அழுத்துவதாகவும், மூன்றாவது முறையில் லைன் துண்டித்துவிடுவதாகவும் சொன்னார். பெட்டியின் லாகில் பார்த்தபோது அவர் அழுத்திய எட்டில் ஐந்து அல்லது ஆறு இலக்கங்கள்தான் வந்து சேர்ந்திருந்தன.

காரணம் இது. அழுத்தும் எண்ணின் ஒலி பேச்சோடு பேச்சாக வரும்போது, ஜி.729 போன்ற, ஒலியைச் சுருக்கி அனுப்பும் கோடெக் வழியில் குறுக்கிட்டால் ஒலி சிதைந்துவிடும். பெட்டியால் சில இலக்கங்களைப் படிக்க முடியாது. நான்கு இலக்கமாக இருந்தவரை அதிர்ஷ்டம் கைகொடுத்தது, எட்டாக்கியதும் கோளாறு வெளியே வந்தது. ஸிப் டிரங்கில் எண் ஒலியைத் தனிச் செய்தியாக அனுப்பும் ஆர்.எஃப்.சி. 2833 முறையை இரு பக்கமும் ஒன்றாக அமைத்ததும் சரியானது. அது அமையாத இடத்தில் கோடெக்கை, ஒலியை அந்த அளவுக்குச் சுருக்காத ஜி.711 என்று கட்டுங்கள். இலக்கத்துக்கும் இலக்கத்துக்கும் இடையே காத்திருக்கும் நேரம் மிகக் குறைவாக இருந்தாலும் இதே அறிகுறி வரும். வயதானவர்கள் பயன்படுத்தும் பெட்டியில் அதை ஐந்து விநாடிக்குக் குறைக்க வேண்டாம். உரிய ஐ.பி. முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்து வைத்து, அவர் வீட்டு இணையத்தின் முகவரி மாறிப்போனதால் துண்டிக்கப்பட்டவர்களுக்கு வி.பி.என். ஒன்றே விடை.

ரகசிய எண்ணை நான்கு இலக்கமாகக் குறைத்துவிடு என்பார்கள். குறைக்காதீர்கள். ஆச்சிக்கு வெளிலைன் தேவையே இல்லை, கணக்குப்பிள்ளையிடம் பேசினால் போதும் என்று பேச்சில் தெரிந்தது. அவர் எண்ணுக்கு எக்ஸ்டென்ஷன் அனுமதியை மட்டும் வைத்து, வெளிலைன் அனுமதியை எடுத்துவிட்டேன்.

முன்பின் தெரியாதவர்கள் திருப்பி அழைத்து, ‘உங்கள் எண்ணிலிருந்து கால் வந்தது’ என்கிறார்கள்

இதை எல்லாவற்றையும்விட அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியாக உங்கள் பெட்டிக்குள் இறக்கி, உங்கள் உள்ளூர் லைனில் உள்ளூர் அழைப்பாக யாரோ வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்வது இந்தியாவில் குற்றம், விசாரணை முதலில் வந்து நிற்பது லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில். பில்லில் வெளிநாட்டு எண் எதுவும் இருக்காது. கைப்பேசி எண்களுக்குக் குறுகிய அழைப்புகள் நிறைய இருக்கும். ஆகவே ஐ.எஸ்.டி. தடை இதைப் பிடிக்காது. ஸிப் பக்கத்திலிருந்து வருவது அனலாக் லைனில் வெளியேறும் வழி பெட்டியில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றையும் மூடுங்கள்.

மூடுவதற்கு முன் பதிவையும் லாகையும் படியெடுத்து, தேதி நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் கடிகாரம் பிழையாக இருந்தால் லைன் கொடுத்த நிறுவனத்தின் பதிவோடு அது பொருந்தாது, எவ்வளவு நிமிடம் பிழை என்பதைக் குறித்து வைக்க வேண்டும். பிறகு லைன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்து, ஒப்புகை வாங்கி, காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். உங்கள் கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணிலும் தாமதமின்றிப் பதிவு செய்யுங்கள். அந்த ஒப்புகையின் நகலைப் பெட்டி இருக்கும் அலமாரியிலேயே, அமைப்புகளை எழுதி வைத்த நோட்டோடு சேர்த்து வையுங்கள். அடுத்து வரும் பொறியாளர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.